முதலில் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள்

வாசகர் கடிதம்:

அக்கா, வணக்கம். எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். தருமபுரியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாட்டிக்கு இடுப்பு வளைந்து பத்து வருடம் ஆகிறது, நிமிர முடியாது. என் பல்லில் காவிக் கறை. போர்த் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொன்னார்கள். ஆனால் அதே தெருவில் இருக்கும் என் சித்தி மகனுக்கு, ஆறாவது படிக்கிறான், பல் வெள்ளையாக இருக்கிறது. ஃப்ளோரைடு, ஈயம், ஆர்செனிக் மாதிரியான நச்சு உலோகங்களை ஆராய்கிற விஞ்ஞானி ஆக வேண்டும் என்று ஆசை. வீட்டில் பி.எட். முடித்து டீச்சர் வேலைக்குப் போ என்கிறார்கள். ஓசூர் மாமா ஒரு கம்பெனி லேபில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். ஆராய்ச்சிக்குப் போனால் பிழைக்க முடியுமா? எத்தனை வருடம் ஆகும்? விஷத்தோடு வேலை செய்தால் நமக்கே ஏதாவது ஆகிவிடாதா? என் இங்கிலீஷும் சுமார்தான். பாட்டி வேறு, "நீ படிச்சு முடிச்சா என் இடுப்ப நிமித்திடுவியா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்:

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள். எனக்கும் சொந்த ஊர் பாலக்கோடு. அதனால் சுற்றி வளைக்காமல் பேசலாம். இருபத்தாறு வருடமாக இரத்தம், சிறுநீர், தலைமுடி, மண், மஞ்சள்தூள், கிணற்றுத் தண்ணீர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அமிலத்தில் கரைத்து, அதில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

முதலில் ஒரு குட்டு. ஃப்ளோரைடு உலோகம் கிடையாது. ஃப்ளோரின் ஹாலஜன் என்ற அலோகக் குடும்பம் என்று உங்களுக்கே தெரியும். அவசரத்தில் எழுதியிருப்பீர்கள், ஆனால் நேர்முகத் தேர்வில் இப்படிச் சொன்னால் அடுத்த கேள்வியே வராது. ஆர்செனிக்கும் கறாராகப் பார்த்தால் உலோகப்போலிதான். அதை நச்சு உலோகங்களோடு சேர்த்துப் பேசுவது மட்டும் பழகிப்போய்விட்டது, அதற்கு மன்னிப்பு உண்டு. நீங்கள் தேடுகிற துறைக்குச் சுற்றுச்சூழல் நலவியல் என்று பெயர். அதில் ஃப்ளோரைடும் உண்டு, ஈயமும் உண்டு.

குட்டியதோடு ஒரு பாராட்டும் சொல்லிவிடுகிறேன். சித்தி மகனின் பல்லைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஃப்ளோரைடு பல்லில் கறை போடுவது பல்லின் எனாமல் உருவாகும் காலத்தில் மட்டும்தான், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை. அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் எலும்புக்குப் போகும், பல்லில் புதிதாகக் கறை விழாது. ஆக, உங்கள் முன்பல் ஒரு பழைய பதிவேடு. சின்ன வயதில் நீங்கள் குடித்த தண்ணீரின் கணக்கு அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல். நீங்கள் எம்.எஸ்சி. என்றால் உங்கள் பல் முளைத்த காலம் அதற்கு முந்தையது. உங்கள் தம்பியின் பல் அதற்குப் பிந்தையது. ஒரே தெரு, ஒரே களி, ஒரே சமையல், தண்ணீர் மட்டும் மாறியிருக்கிறது. எந்த நோய் யாருக்கு, எங்கே வருகிறது என்று கணக்கெடுக்கும் தொற்றுநோயியல் நிபுணர் ஒருவரிடம் இதைச் சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தம்பி வீட்டில் முன்பே கேன் தண்ணீர் வாங்கினார்களா, வேறு கிணறா, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தானா என்று நூறு கேள்வி வரும். அந்த நூறு கேள்வியையும் ஒவ்வொன்றாகக் கேட்டு விடை தேடுவதுதான் நீங்கள் ஆசைப்படுகிற வேலை.

நம் பகுதிக்கு இது புதுக் கதையும் அல்ல. இந்தியாவில் எலும்பைப் பாதிக்கும் ஃப்ளோரோசிஸ் என்ற ஃப்ளோரைடு நோய் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து. தொழிற்சாலை எதுவும் காரணமில்லை. கருங்கல்லிலும் அதைச் சேர்ந்த பாறைகளிலும் இருக்கும் கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்லக் கரைந்து தண்ணீரில் இறங்குகிறது. நம்முடையதும் கல் பூமி. போரை ஆழமாகப் போடப் போட, பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு விஷயம் அக்கம்பக்கத்தில் சொல்லிவையுங்கள்: கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இனி உலோகத்துக்கு வருகிறேன். என் தொழிலின் குலதெய்வம் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் கிளேர் பேட்டர்சனைச் சொல்வேன். அவர் நச்சியல்காரரே இல்லை, புவி வேதியியலாளர். 1940-களின் கடைசியில் சிகாகோவில் மாணவராக இருந்தபோது, பாறைகளில் கிடைக்கும் சிர்க்கான் என்ற கனிமப் படிகங்களுக்குள் இருக்கும் ஈயத்தை அளக்கச் சொன்னார்கள். யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது, இரண்டையும் அளந்தால் வயது தெரியும். பூமியின் வயதைக் கணக்கிட அது முதல் படி. யுரேனியத்தை அளந்த சக மாணவருக்கு அது சரியாக வந்தது. இவருக்கு ஈயம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக, இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக வந்தது. வேறு யாராவதாக இருந்தால் கருவியைத் திட்டியிருப்பார்கள், இல்லை சராசரி போட்டு எழுதி அனுப்பியிருப்பார்கள். பேட்டர்சன் தன் ஆய்வகத்தைச் சந்தேகப்பட்டார். கண்ணாடிக் குடுவை, அமிலம், தண்ணீர், காற்றில் பறக்கும் தூசி, தன் சட்டை, தன் தலைமுடி, எல்லாவற்றிலும் ஈயம் இருந்தது. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத் துடைத்து, அமிலத்தை மறுபடி மறுபடி வடித்து, பிற்பாடு கலிஃபோர்னியாவில் கால்டெக் கல்வி நிறுவனத்தில் தனியாகத் தூய அறை ஒன்றைக் கட்டி, 1956-ல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். இன்றும் அந்த எண் நிற்கிறது.

அதோடு விட்டிருந்தால் அவர் புவியியல் பாடப் புத்தகத்தில் மட்டும் இருந்திருப்பார். இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. பெட்ரோலில் கலக்கும் ஈயம்தான் பெரிய மூலம் என்று கண்டு, மனித உடம்பில் இருப்பது இயற்கையான அளவைவிடப் பல மடங்கு என்று 1965-ல் எழுதினார். பெட்ரோலியத் துறையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆய்வு நிதி நின்றது. ஆள் நிற்கவில்லை. இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுக்க வந்தது 2000-ல். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல். ஒரு எண்ணைச் சுத்தமாக அளக்க வேண்டும் என்று ஒருவர் பிடித்த பிடிவாதத்திலிருந்து கிளம்பிய கதை இது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அவமானம். முனைவர் பட்டத்தின் முதல் வருடம், வேறொரு மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். காலையில் முதல் ஆளாகக் குழாயைத் திறந்து, வந்த தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்தேன். ஈயம் அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் வந்தது. எனக்கு ஒரே பரபரப்பு. மறு அளவீடு செய்யாமல் ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், அன்றைக்கே பள்ளிக்கூடக் குழாய், அதற்குத் தண்ணீர் தரும் கிணற்று மோட்டார் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார். இரண்டு வாரம் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கும் அடிபம்புக்கு நடந்தார்கள்.

என் வழிகாட்டி கேட்டது இரண்டே கேள்வி. "தண்ணியை எவ்வளவு நேரம் ஓடவிட்டுப் பிடிச்சே? பிளாங்க் எங்கே?" பிளாங்க் என்றால் தெரியும்தானே, மாதிரியே இல்லாத தூய நீரை அதே பாட்டில், அதே அமிலம், அதே பயணம் எல்லாம் செய்யவைத்து அளப்பது. நான் எடுத்துப் போகவே இல்லை. திரும்பப் போய், இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தபோது ஈயம் வரம்புக்குள் வந்தது. கிணற்றின் மேல் குற்றமே இல்லை. இராத்திரி முழுக்கப் பித்தளைக் குழாய்க்குள் நின்ற தண்ணீர், பித்தளையில் கலந்திருந்த ஈயத்தைக் கொஞ்சம் கரைத்து வைத்திருந்தது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று நம் ஊரில் சொல்வார்களே, அன்றைக்கு அது என்னைப் பார்த்து இளித்தது. பூட்ட வேண்டியது கிணற்றை அல்ல. குழாயை மாற்றிவிட்டு, காலையில் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிக்கச் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பிள்ளைகளின் தலைக்குடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆகையால் இந்த வேலைக்கு என்ன திறமை வேண்டும் என்று கேட்டால், புத்திசாலித்தனத்தை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலாவது, தனக்குப் பிடித்த எண் வந்துவிட்ட நேரத்தில் தன் கையையே சந்தேகப்படும் குணம். வேலையில் முக்கால்வாசி பாத்திரம் கழுவுவதுதான். நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாட்டில், பவுடர் இல்லாத கையுறை, அளவு முன்பே உறுதி செய்யப்பட்ட நிலை மாதிரியை நடுநடுவே ஓட்டிப் பார்ப்பது. குழந்தையின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தால், விரலில் ஒட்டிய மண்ணின் ஈயமும் சேர்ந்து வந்துவிடும், அதனால் கையின் இரத்தக் குழாயிலிருந்து எடுத்து மறுபடி உறுதி செய்வது. பொறுமையாகப் பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இது ஒத்துவரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அறிவியல் ஆதாரம் கேட்காதீர்கள்.

அளப்பதற்கு அப்பால் இன்னும் இரண்டு கிளை இருக்கிறது. உடம்புக்குள் உலோகம் என்ன செய்கிறது என்று பார்ப்பது நச்சியல். யாருக்கு, எந்த ஊரில், எத்தனை பேருக்கு என்று பார்ப்பது தொற்றுநோயியல். ஈயம் இரத்தத்தில் ஒரு மாதம் போலத்தான் தங்கும், எலும்புக்குள் போனால் பல பத்தாண்டுகள். ஆர்செனிக் சிறுநீரில் சில நாளில் வெளியேறிவிடும், நகத்திலும் முடியிலும் மாதக்கணக்கில் தடயம் விட்டுப்போகும். எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் அளந்தால் எவ்வளவு நல்ல கருவியும் வீண். அமெரிக்காவில் ஹெர்பெர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் பழைய ஈயத்தைத் தேட ஓர் அழகான வழி கண்டுபிடித்தார். பாஸ்டன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களைக் கேட்டு வாங்கினார். பல்லில் ஈயம் அதிகமிருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையிலும் வகுப்பில் கவனத்திலும் பின்தங்கினார்கள் என்று 1979-ல் வெளியிட்டார். வெளியே பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த நோயும் இல்லை. அவர்மேல் முறைகேடு புகார் சொன்னார்கள், விசாரணை நடந்தது, மோசடி எதுவும் இல்லை என்று முடிந்தது. உங்கள் காவிப் பல்லும் அந்தப் பால்பல்லும் ஒரே தத்துவம்தான்.

மூன்றையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டு ஒன்றில் ஆழமாக இறங்குங்கள். நீங்கள் வேதியியல் என்பதால் அளவீட்டில் தொடங்குவது இயல்பு.

எங்கே படிப்பது? லக்னோவில் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1965-லிருந்து இதே வேலையாக. அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் நல நிறுவனம், நமக்குப் பக்கத்தில் பெங்களூருவில் அதன் தென்மண்டல மையம். சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் சுற்றுச்சூழல் நலப் பொறியியல் துறை பெயர் பெற்றது, அவர்களுடைய பலம் காற்று மாசு. எண்ணிக்கை பக்கம் மனம் போனால் சென்னை அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். எல்லாவற்றுக்கும் நுழைவாயில் ஆய்வு உதவித்தொகைக்கான நெட் தேர்வு, இல்லையென்றால் கேட் என்ற தேர்வு. இந்த வருடமே எழுதுங்கள், முதல் தடவை கிடைக்காவிட்டால் இரண்டாவது தடவை. இதில் நான் சொல்ல வேறு ரகசியம் இல்லை.

பிழைப்பு. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள தொகை. சில இடங்களில் பணம் மூன்று நான்கு மாதம் தாமதமாக வரும், அதற்குத் தனியாகக் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் என்று கணக்கு வையுங்கள், பிறகு இரண்டு மூன்று வருடம் தற்காலிக ஆய்வுப் பணி. லக்னோ நிறுவனம் மாதிரியான மத்திய ஆய்வகத்தில் விஞ்ஞானியாகச் சேரும்போது அடிப்படைச் சம்பளம் 67,700. ஆனால் முப்பதைத் தாண்டியிருப்பீர்கள், பணியிடங்களும் குறைவு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கல்யாணப் பேச்சும் அந்த வயதுக்குள் வந்துவிடும், அதை வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது. நான் பேசாமல் விட்டு ஒவ்வொரு தீபாவளிக்கும் அழுதுகொண்டு ரயில் ஏறினேன்.

விஞ்ஞானி என்ற பெயர்ப் பலகை இல்லாமலும் இந்த வேலை உண்டு. சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தும் உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வு உங்கள் படிப்புக்கும் சில வருட உணவு ஆய்வக அனுபவத்துக்கும் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்றே பதவி உண்டு. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு.

அதனால் ஓசூர் மாமாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் டப்பாவில் அடைபட்டு எங்கெங்கோ கப்பல் ஏறுகிறது. அந்தக் கூழில் டப்பாவிலிருந்து வெள்ளீயம் (டின்) இறங்கியிருக்கிறதா, நாம் இதுவரை ஈயம் என்று பேசிய காரீயம் இருக்கிறதா என்று யாரோ ஒரு பெண் ஒரு லேபில் உட்கார்ந்து அளந்த பிறகுதான் ஏறுகிறது. அங்கே இரண்டு வருடம் இருந்தால் உலோகங்களை நுண்ணிய அளவில் அளக்கும் ஐ.சி.பி. கருவியை நீங்கள் கையாளும் விதமே வேறாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் அதன் கண்ணாடிக் கதவைத் தாண்டி விடமாட்டார்கள். சேரும் முன் மாமாவிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன கருவி, ஆய்வகத் தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா, நிலை மாதிரி ஓட்டுகிறார்களா? மூன்றுக்கும் பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம். வீட்டில் கடன் இருந்தால் முதலில் அந்த வேலை, பக்கத்திலேயே நெட் தயாரிப்பு. பி.எட். பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல வேதியியல் டீச்சர் ஒருவர்தான் என்னையும் உருவாக்கினார். ஆனால் மனம் இல்லாமல் போனால் வகுப்பில் இருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் அது தெரிந்துவிடும்.

பயத்துக்கு வருவோம். நாம் அளக்கும் கரைசல்களில் ஈயமோ பாதரசமோ மிக மிக நீர்த்த நிலையில்தான் இருக்கும். உண்மையில் கவனிக்க வேண்டியது அமிலங்களை, முக்கியமாக ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தை. ஆனால் உங்கள் பயம் வெறும் கற்பனை என்றும் தட்டிக்கழிக்க மாட்டேன். கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்க வேதியியலாளர், நச்சு உலோகங்களில் பெரிய பெயர். 1996 ஆகஸ்டில் டைமெதில் பாதரசம் என்ற கொடிய பாதரசச் சேர்மம் சில சொட்டு அவருடைய கையுறையின் மேல் விழுந்தது. லேடெக்ஸ் கையுறை. அவர் எந்த விதியையும் மீறவில்லை. அந்தத் திரவம் அந்தக் கையுறையை நொடிகளில் கடந்துவிடும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்துத்தான் நடை தடுமாறியது. 1997 ஜூனில் இறந்துபோனார். அதன்பின் உலகம் முழுக்க அந்தப் பொருளைக் கையாளும் விதி மாறியது. எந்த ஆய்வகத்திலாவது கையுறை தீர்ந்துவிட்டது, இன்றைக்கு மட்டும் சமாளி என்று சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போங்கள். கர்ப்பமாக இருந்தால் முதல் மாதமே பொறுப்பாளரிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம்.

இங்கிலீஷ் வந்துவிடும். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு படியுங்கள், ஒரு வருடத்தில் பழகிவிடும். ஏனென்றால் ஒரே நூறு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருகிறது. வராதது தமிழ்தான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒருமுறை வெளியூர்க் குழு ஒன்று தயாரித்த கேள்வித்தாளைப் பார்த்தேன். "வீட்டில் ஈயப் பாத்திரத்தில் சமைக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி. நம் பக்கத்துக் கிழவிகளிடம் இதைக் கேட்டால் பாதிப்பேர் ஆமாம் என்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அலுமினியக் குண்டானும் ஈயப் பாத்திரம்தான். இன்னும் சிலர் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைப்பார்கள், அது வெள்ளீயம். பித்தளைக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தால்தான், அதில் மலிவுக்குக் காரீயம் கலந்தால்தான் நமக்கு ஆபத்து. ஆக ஒரு சொல், மூன்று உலோகம். அந்தக் கேள்வித்தாளை வைத்து ஆயிரம் வீட்டில் கேட்டாலும் கிடைப்பது குப்பை. "புளியை எதுல கரைப்பீங்க? அந்தப் பாத்திரத்தை எடுத்துட்டு வாங்க பாக்கலாம்" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஆள் அந்தக் குழுவில் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பீர்கள்.

இப்படி வீட்டுக்குள் போய்ப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் ஆதி வழக்கம். வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு என்று தேடிப் போனவர்கள் கடைசியில் அடுப்படியில் மஞ்சள்தூளில் வந்து நின்றார்கள். நிறம் எடுப்பாகத் தெரிய லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறமியைப் பூசியிருந்தார்கள். ஈயத்துக்கு ஐசோடோப்பு விகிதம் என்று ஒரு கைரேகை உண்டு, இரத்தத்தின் ரேகையும் மஞ்சளின் ரேகையும் பொருந்தின. 2019-ல் அது வெளியானதும் அரசு சந்தைகளில் இறங்கி அபராதம் போட்டது. அந்த வருடம் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது, 2021-ல் ஒன்றில்கூட இல்லை. எங்கள் துறையில் இவ்வளவு வேகமான வெற்றி அபூர்வம், அதனால் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவோம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி மஞ்சள்காரர்கள் என்மேல் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் மஞ்சளை நான் எதுவும் சொல்லவில்லை.

பெங்களூருவில் பணியாற்றிய துப்பில் வெங்கடேஷ் என்ற உயிர்வேதியியல் பேராசிரியருக்கு இந்தியாவின் ஈய மனிதர் என்றே பெயர். அவர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஈய நச்சுக்கான தேசிய மையத்தை உருவாக்கினார். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். இந்தத் துறையில் வேலை செய்ய அமெரிக்கா போக வேண்டும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். நம் ஊரிலேயே கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் படம் எடுத்துப் போடுகிறோம். நுரை கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அணையின் அடிச் சேற்றில் என்ன படிந்திருக்கிறது, அந்தத் தண்ணீரில் விளைந்த கீரையில் என்ன ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு குழந்தையின் கையிலிருந்து இரத்தம் எடுத்தால், அந்த எண்ணை அதன் தாயிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி, கையெழுத்து எல்லாம் சட்டம் கேட்பது. நான் சொல்வது அதற்கு மேல். கட்டுரை வெளியாகி, பட்டம் வாங்கி, அந்த ஊர்ப் பக்கமே திரும்பிப் பார்க்காதவர்கள் எங்கள் துறையில் நிறைய. அந்தத் தாய் கேட்பாள்: "நெறைய இருக்கா? இப்ப நான் என்ன செய்யணும்?" இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் அமெரிக்காவில் கவனிக்கத் தொடங்குகிறார்கள், பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. இதை அவளுக்குப் பயமுறுத்தாமல், மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று சேர்ந்து தேட வேண்டும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும், அதனால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். நம் கேழ்வரகில் கால்சியம் தாராளமாக இருக்கிறது, நான் களி தின்று வளர்ந்தவள், கொஞ்சம் பாரபட்சமாகத்தான் சொல்வேன்.

பாட்டியின் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். நிமிர்த்த முடியாது. எலும்பில் ஏறிக் கெட்டிப்பட்டுப்போனதை யாராலும் கரைத்து எடுக்க முடியாது. அவரிடம் அதை நேராகச் சொல்லிவிடுங்கள், அந்த வயதில் பொய் ஆறுதலைப் பெரியவர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் வளைந்த இடுப்பெல்லாம் ஃப்ளோரைடு என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். மூட்டுத் தேய்மானம், எலும்பு மெலிவு, எதுவாகவும் இருக்கலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். வலியைக் குறைக்க வழி உண்டு. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் என்று வையுங்கள், போர்த் தண்ணீர் துணிக்கும் மாட்டுக்கும் போகட்டும். சமையலுக்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், களி கிண்டும் தண்ணீரும் வயிற்றுக்குள்தான் போகிறது.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை. ஆறு பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி வேண்டாம், ஃப்ளோரைடுக்கு ஆகாது. அமிலமும் சேர்க்காதீர்கள், அது உலோகத்துக்குத்தான். தண்ணீர் பரிசோதிக்கும் பெட்டி உங்கள் பஞ்சாயத்திலேயே இருக்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி என்று ஏற்பாடு, யார் என்று விசாரியுங்கள். பாட்டி வீட்டுப் போர், தம்பி வீட்டுக் குழாய், பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி, நீங்கள் சின்ன வயதில் குடித்த அந்தப் பழைய போர் இன்னும் ஓடினால் அதுவும். ஐந்து ஆயிற்று. ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பிடியுங்கள், இடம், நேரம், போரின் ஆழம் எல்லாம் நோட்டில் எழுதுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஃப்ளோரைடை அளக்கும் அயனி மின்முனை இருந்தால் பேராசிரியரைக் கேட்டு அதிலும் ஒருமுறை பாருங்கள். எண்கள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஆறாவது பாட்டில் பிளாங்க், அதன் எண்ணையும் சேர்த்து.